கப்பல் பட்டியலிலிருந்து முறை வரை: ப்ரோலாக்கையும் பைத்தானையும் ஒரே நிரலில் இணைப்பது

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் மூதாதையரைத் தேடத் தொடங்கினால் முதலில் போய் நிற்பது அன்றைய நேட்டால் காலனியின் கப்பல் பட்டியல்களில்தான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒன்றரை லட்சத்துக்கும் சற்று அதிகம். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் தரப்பட்டது. அதன் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, ஊர் முதலியவை எழுதப்பட்டன. இந்தப் பட்டியலையும் வீட்டில் பெரியவர்கள் சொன்னதையும் ஒரு கோப்பில் தட்டி வைத்துவிட்டால், அடுத்து வரும் கேள்வி: யார் யாருக்கு என்ன முறை?

இதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. கோப்பைப் படிப்பது, எழுத்துப் பிழை களைவது, ஒரே பெயரின் பத்து விதமான எழுத்துகளை அடையாளம் காண்பது ஒரு வேலை. அதற்குப் பைத்தான் என்ற நிரல்மொழி பொருத்தம். மாமன், அத்தை, பங்காளி, முறைப்பிள்ளை என்று உறவைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. ஆங்கிலத்தின் 'அங்கிள்' என்ற ஒரே சொல் தாய்மாமனையும் சித்தப்பாவையும் ஒன்றாக்கிவிடும். நம் முறையில் அவர்கள் வேறு, அவர்களின் பிள்ளைகளும் நமக்கு வேறு முறை. இப்படிப்பட்ட விதிகளை எழுத 1972-ல் மார்செய் நகரில் உருவான ப்ரோலாக்கைவிடச் சுருக்கமான மொழி கிடைப்பது அரிது. பைத்தானில் அடுக்கடுக்காக எழுத வேண்டிய சுற்றுகள் ப்ரோலாக்கில் மூன்று வரியில் முடியும்.

இரண்டையும் இணைக்கும்போது ஒரே ஒரு கொள்கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: இரு மொழிக்கும் நடுவில் உள்ள வாசல் குறுகலாக இருக்கட்டும். அந்த வாசல் வழியே எண்கள் மட்டும் போகட்டும், எண்கள் மட்டும் வரட்டும். பெயர், ஊர், படம், குறிப்பு எல்லாம் பைத்தான் பக்கமே இருக்கட்டும். இதைத் தளர்த்தும் இடங்களில்தான் பிழைகள் நுழைகின்றன.

ஒரு குறிப்பு: கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். இரண்டு சொல் சேர்ந்த பெயரில் நடுவே அடிக்கோடு வரும்.

நிறுவுதல்

எஸ்டபிள்யூஐ-ப்ரோலாக் என்ற ப்ரோலாக் மென்பொருளின் 9.2 அல்லது அதற்குப் பிந்தைய நிலையான பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுடன் ஜேனஸ் என்ற இணைப்பு நூலகம் வருகிறது. முன்னும் பின்னும் முகம் கொண்ட ரோமானியத் தெய்வத்தின் பெயர் அது. இரு திசையிலும் அழைக்கலாம் என்பதால் பெயர் பொருந்தும். பைத்தானிலிருந்து தொடங்குவதானால் பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் வழியாக 'ஜேனஸ் எஸ்டபிள்யூஐ' என்ற பொதியை நிறுவ வேண்டும்.

முதல் தடை பெரும்பாலும் இங்கேயே வரும். அந்தப் பொதி உங்கள் கணினியிலேயே சி மொழியில் தொகுக்கப்படலாம். அதற்கு சி தொகுப்பியும் பைத்தானின் தலைப்புக் கோப்புகளும் தேவை. உபுண்டுவில் 'பைத்தான்3-டெவ்' பொதி இல்லையென்றால், தலைப்புக் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். ப்ரோலாக்கின் இயக்கக் கோப்பு பாத் பாதையில் (கணினி கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறுவி அதைக் கண்டுகொள்ளாது. விண்டோஸில் இரண்டும் 64 பிட்டாக இருக்கட்டும். 32 பிட் பைத்தான் 64 பிட் ப்ரோலாக்கை ஏற்றாது.

விதிகளைத் தமிழிலேயே எழுதலாம்

எஸ்டபிள்யூஐ-ப்ரோலாக் யூனிகோடு எழுத்துகளை ஏற்கும். கோப்பின் முதல் வரியில் 'என்கோடிங்' அறிவிப்பில் யூடிஎஃப்8 என்று போட்டுவிடுங்கள். புதிய பதிப்புகளுக்கு அது தேவையில்லை என்றாலும், பழைய விண்டோஸ் கணினிக்குக் கோப்பு போனால் காப்பாற்றும்.

ப்ரோலாக்கில் பெரிய எழுத்தில் தொடங்குவது மாறி, சிறிய எழுத்தில் தொடங்குவது மாறாத பெயர். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே இல்லை. அதனால் தமிழ் எழுத்தில் தொடங்கும் எதையும் மாறாத பெயராகவே ப்ரோலாக் எடுத்துக்கொள்ளும். மாறி வேண்டுமென்றால் முன்னால் அடிக்கோடு போட வேண்டும். கீழே உள்ளவை அப்படியே ஓடும் விதிகள் (:- குறிக்கு வலப்புறம் உண்மையானால் இடப்புறமும் உண்மை; வலப்புறத்தில் வரிகளுக்கு நடுவே வரும் காற்புள்ளிக்கு 'மேலும்' என்று பொருள்):

பெற்றவர்(_பிள்ளை, _ஒருவர்) :- தந்தை(_பிள்ளை, _ஒருவர்).
பெற்றவர்(_பிள்ளை, _ஒருவர்) :- தாய்(_பிள்ளை, _ஒருவர்).

முன்னோர்(_பிள்ளை, _முன்) :- பெற்றவர்(_பிள்ளை, _முன்).
முன்னோர்(_பிள்ளை, _முன்) :-
    பெற்றவர்(_பிள்ளை, _இடை),
    முன்னோர்(_இடை, _முன்).

உடன்பிறப்பு(_ஒருவர், _மற்றவர்) :-
    தந்தை(_ஒருவர், _அப்பா),
    தந்தை(_மற்றவர், _அப்பா),
    _ஒருவர் \== _மற்றவர்.

தாய்மாமன்(_பிள்ளை, _மாமன்) :-
    தாய்(_பிள்ளை, _அம்மா),
    உடன்பிறப்பு(_அம்மா, _மாமன்),
    ஆண்(_மாமன்).

அத்தை(_பிள்ளை, _அத்தை) :-
    தந்தை(_பிள்ளை, _அப்பா),
    உடன்பிறப்பு(_அப்பா, _அத்தை),
    பெண்(_அத்தை).

முறை(_ஒருவர், _மற்றவர்) :-
    தாய்மாமன்(_ஒருவர், _மாமன்),
    தந்தை(_மற்றவர், _மாமன்).
முறை(_ஒருவர், _மற்றவர்) :-
    அத்தை(_ஒருவர், _அத்தை),
    தாய்(_மற்றவர், _அத்தை).

வரிசையைக் கவனியுங்கள். எல்லா விதியிலும் தெரிந்த ஆள் முதலில், தேடப்படும் ஆள் கடைசியில். இது அழகுக்காக அல்ல. பைத்தானிலிருந்து அழைக்கும் எளிய வழி, கடைசி இடத்தை விடையாக எடுத்துக்கொள்கிறது.

உடன்பிறப்பு விதியில் 'ஒன்றல்ல' என்ற சோதனை கடைசி வரியில் நிற்பதற்கும் காரணம் உண்டு. அதை முதல் வரிக்குக் கொண்டுபோனால், தேடப்படும் ஆளின் மாறி அப்போது வெறுமையாக இருக்கும். வெறும் மாறியும் தெரிந்த ஆளும் வேறு என்று சோதனை தேறிவிடும். பிறகு ஒருவர் தனக்குத் தானே உடன்பிறப்பாக வந்து நிற்பார். உடன்பிறப்பைப் 'பெற்றவர்' வழியாக எழுதினால் தந்தை வழி ஒரு முறை, தாய் வழி ஒரு முறை என்று அதே ஆள் இரண்டு தடவை வருவார். ஒரு தந்தைக்கு இரண்டு மனைவியர் இருந்த குடும்பங்களும் உண்டு. எனவே எந்த வழி வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தந்தை, தாய், ஆண், பெண் நான்கையும் கோப்பின் தலைப்பில் 'டைனமிக்' (ஓட்டத்தில் மாறக்கூடியவை) என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல், ஒரு தரவும் ஏறுவதற்கு முன் கேள்வி கேட்டால் 'அப்படி ஒரு விதியே இல்லை' என்று பிழை வரும். கோப்பிலேயே சில தரவை எழுதிவிட்டு, பிறகு ஓட்டத்தில் சேர்க்க முயன்றால் 'நிலையான விதியை மாற்ற அனுமதி இல்லை' என்ற பிழை வரும். இரண்டுக்கும் மருந்து அந்த ஒரு வரி.

ஏன் பெயரல்ல, எண்

நம் வழக்கப்படி பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிறோம். முனுசாமியின் மகன் கோவிந்தன், கோவிந்தனின் மகன் முனுசாமி. பெயரையே அடையாளமாக வைத்தால் ப்ரோலாக்குக்கு இரண்டு முனுசாமியும் ஒருவர்தான். கோவிந்தன் முனுசாமிக்குப் பிள்ளை, முனுசாமி கோவிந்தனுக்குப் பிள்ளை. முன்னோர் விதி இந்த வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். விடைகள் முடிவில்லாமல் வரும், அல்லது அடுக்கு நினைவகம் நிறையும் வரை ஓடி நிற்கும். 64 பிட் கணினியில் அதன் இயல்பான வரம்பு 1 ஜிபி. அதை நிரப்பும் வரை கணினி திணறும், பிழை வந்தபின்னும் எந்தத் தரவு தவறு என்று தெரியாது.

எனவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண். கப்பலில் வந்தவருக்குக் காலனி எண்ணையே வையுங்கள். பட்டியலோடு எப்போது வேண்டுமானாலும் ஒப்பிடலாம். இங்கே பிறந்தவர்களுக்கு நீங்களே எண் கொடுங்கள், 10,00,001-லிருந்து தொடங்குங்கள். காலனி எண்கள் ஒன்றரை லட்சத்தை ஒட்டி முடிந்துவிடுவதால் மோதலே வராது. எண்ணைப் பார்த்தவுடனே இவர் கப்பலில் வந்தவரா, மண்ணில் பிறந்தவரா என்றும் சொல்லிவிடலாம்.

எண் வைத்தாலும் தட்டச்சில் தவறி வட்டம் உருவாகலாம். 'முன்னோர்' விதிக்கு 'டேபிள்' அறிவிப்புச் சேர்த்தால் ப்ரோலாக் கண்ட விடைகளை அட்டவணையில் வைத்துக்கொண்டு, வட்டத்திலும் நின்றுவிடும். ஒரே விடை இருமுறை வருவதும் நீங்கும். ஆனால் அது நோயை மறைக்கும் மருந்தும்கூட. ஆகவே தரவு ஏறியவுடன் முதல் கேள்வியாகத் தனக்குத் தானே முன்னோராக இருப்பவர் யார் என்று கேளுங்கள்:

வட்டம்(_ஆள்) :- முன்னோர்(_ஆள், _ஆள்).

ஒரு விடை வந்தாலும் அந்த எண்ணைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள்.

பைத்தான் பக்கம் சுத்தம் செய்வது

எக்செல் 'யூடிஎஃப்-8 சிஎஸ்வி' (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) என்று சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்கும். அது முதல் நெடுவரிசையின் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். 'எண்' என்ற நெடுவரிசை இருக்கிறது, ஆனால் பைத்தான் இல்லை என்கிறதா? காரணம் அதுதான். கோப்பைத் திறக்கும்போது 'யூடிஎஃப்-8-சிக்' என்று குறிப்பிட்டால் அது உதிர்ந்துவிடும்.

பைத்தானின் அட்டவணை நூலகமான பாண்டாஸால் படிப்பவர்களுக்கு இன்னொரு பொறி. தந்தை எண் தெரியாமல் ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், பாண்டாஸ் அந்த நெடுவரிசை முழுவதையும் பதின்ம எண்ணாக்கிவிடும். 10234 என்பது 10234.0 ஆகும். பைத்தானுக்கு இரண்டும் சமம். ப்ரோலாக்குக்கு அவை ஒருபோதும் பொருந்தாது. பிழைச் செய்தி ஏதும் வராது. எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று மட்டும் விடை வரும். இந்த வேலைக்குப் பைத்தானோடு வரும் சிஎஸ்வி நூலகமே போதும். காலிக் கட்டத்தை விட்டுவிட்டு, மற்றதை 'இன்ட்' (பைத்தானின் முழு எண் வகை) ஆக்கி அனுப்புங்கள். பாண்டாஸ் அடியில் பயன்படுத்தும் நம்பை நூலகத்தின் முழு எண்களையும் வாசலில் 'இன்ட்' ஆக்கிவிடுங்கள்.

பெயர்ப் பொருத்தம் தனி வேலை. பட்டியல் எழுதிய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். கவுண்டர் கோவெண்டர் ஆனது, முதலியார் மூட்லி ஆனது, படையாட்சி படையாச்சி ஆனது, முனுசாமி மூன்சாமி ஆனது. பைத்தானின் 'டிஃப்லிப்' இரண்டு பெயருக்கு இடையிலான நெருக்கத்தை 0 முதல் 1 வரை மதிப்பாகத் தரும். ஆனால் எல்லோரையும் எல்லோரோடும் ஒப்பிடாதீர்கள். 5,000 பெயர் என்றால் ஏறக்குறைய 1.25 கோடி ஒப்பீடு. ஆண், பெண் என்றும் பிறந்த பத்தாண்டு என்றும் முதலில் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள் மட்டும் ஒப்பிட்டால் வேலை பல மடங்கு குறையும். முடிவை உடனே கோப்பில் எழுதுங்கள். மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டாம். இரண்டு பதிவும் ஒரே ஆள்தானா என்பதை மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும். இயந்திரம் பரிந்துரைக்கட்டும், அவ்வளவுதான்.

தமிழ் எழுத்தில் பெயர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக. திரையில் ஒரே மாதிரி தெரியும். பைத்தான் தன் மாறிப் பெயர்களை உள்ளுக்குள் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும், ஆனால் சரங்களை (மேற்கோளுக்குள் வரும் உரையை) தொடாது. ப்ரோலாக் எதையும் மாற்றாது. ஆகவே 'கோவிந்தன்' இருவராகத் தெரிவார். 'யூனிகோடுடேட்டா' நூலகத்தின் 'நார்மலைஸ்' செயலியை என்எஃப்சி வடிவத்துக்கு ஓட்டினால் இது சரியாகும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகர எழுத்தும் தட்டப்பட்டிருந்தால் அந்தச் செயலி திருத்தாது. அதைத் தேடி மாற்றித்தான் ஆக வேண்டும். விதிப் பெயர்களுக்கும் இது பொருந்தும்: ப்ரோலாக் கோப்பில் ஒரு வடிவத்திலும் பைத்தான் சரத்தில் இன்னொரு வடிவத்திலும் 'முன்னோர்' இருந்தால் விதியே இல்லை என்று வரும்.

வாசலைத் தாண்டுதல்

பைத்தானில் ஜேனஸை ஏற்றி, 'கன்சல்ட்' கட்டளையால் விதிக் கோப்பைப் படியுங்கள். தரவைச் சேர்க்க, ப்ரோலாக் பக்கம் 'ஏற்று' என்ற ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். அது ஒரு பட்டியலை வாங்கி, பழையதை 'ரிட்ராக்ட்ஆல்' கட்டளையால் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் 'அசெர்ட்இசட்' கட்டளையால் சேர்க்கட்டும். துடைக்காமல் விட்டால் நிரலை மறுபடி ஓட்டும்போது எல்லாம் இரட்டிப்பாகும். பைத்தானின் 'சிஎம்டி' கட்டளை மூலம் 'யூசர்' தொகுதியில் (விதிகள் இயல்பாகச் சேரும் இடத்தில்) உள்ள 'ஏற்று' விதிக்கு முழுப் பட்டியலையும் ஒரே தடவையில் கொடுங்கள். ஆயிரம் முறை வாசலைத் தாண்டுவதைவிட இது வேகம்.

பட்டியலின் ஒவ்வொரு உறுப்பும் பைத்தான் டியூப்பிளாக (அடைப்புக்குள் வரும் மாறாத வரிசையாக) இருந்தால், ப்ரோலாக்கில் கழித்தல் குறி கொண்ட உருவாக வந்து சேரும். இரண்டு உறுப்பென்றால் _பிள்ளை-_அப்பா என்று பிரிக்கலாம். மூன்று உறுப்பென்றால் அப்படி எழுதக் கூடாது. அது -(_அ, _ஆ, _இ) என்ற மூவுறுப்பு உரு. _அ-_ஆ-_இ என்று எழுதினால் ப்ரோலாக் அதை ஒன்றுக்குள் ஒன்றான இரண்டு கழித்தலாகப் படிக்கும், பொருந்தாது. எதிர்த் திசையிலும் எண், சரம், பட்டியல், டியூப்பிள், அகராதி எல்லாம் இயல்பாகப் போகும். மற்றபடி தந்தை(5,3) போன்ற கூட்டு உருவை அப்படியே பைத்தானுக்கு அனுப்ப முடியாது. எண் மட்டும் அனுப்புவதால் இந்தத் தொல்லை நமக்கு இல்லை.

கேள்வி கேட்க 'க்வெரி ஒன்ஸ்' என்ற கட்டளை உண்டு. கேள்வியைச் சரமாகக் கொடுத்தால் விடைகளை அகராதியாகத் தரும். அதில் 'ட்ரூத்' என்ற திறவுகோல், விடை உண்டா இல்லையா என்பதைச் சொல்லும். தமிழில் எழுதுபவர்கள் இங்கே திகைத்து நிற்பார்கள். அடிக்கோட்டில் தொடங்கும் மாறிகளை ஜேனஸ் விடையில் சேர்ப்பதில்லை. நம் தமிழ் மாறிகள் எல்லாமே அடிக்கோட்டில் தொடங்குபவை! கேள்வி வெல்லும், 'ட்ரூத்' உண்மை என்று சொல்லும், விடை மட்டும் இருக்காது. விதிக் கோப்பில் தமிழ் மாறி இருக்கட்டும். பைத்தானிலிருந்து அனுப்பும் கேள்விச் சரத்தில் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தை மாறியாக வையுங்கள்.

அதைவிட நல்ல வழி 'அப்ளை'. தொகுதிப் பெயர், விதிப் பெயர், தெரிந்த எண் மூன்றையும் கொடுத்தால், கடைசி இடத்துக்கான விடைகளை ஒவ்வொன்றாகத் தரும். மாறிப் பெயரே தேவையில்லை. ஒரு விடை போதுமென்றால் 'அப்ளை ஒன்ஸ்'. விடை இல்லாதபோது அது பிழையாக வெடிக்கும். 'ஃபெயில்' என்ற பெயரில் மாற்று மதிப்புக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும்.

கேள்விச் சரத்துக்குள் மதிப்புகளை ஒட்டவைத்துக் கட்டாதீர்கள். பெயரில் ஒரு மேற்கோள் குறி இருந்தால் தொடர் உடையும். மதிப்புகளைத் தனி அகராதியாக அனுப்ப வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

சோதிக்க ஐந்து பேர் போதும். 1 தாத்தா. 2 அவர் மகன், 3 அவர் மகள். 4-இன் தந்தை 2. 5-இன் தாய் 3. தந்தை(2,1), தந்தை(3,1), தந்தை(4,2), தாய்(5,3), ஆண்(2), பெண்(3) என்று ஏற்றுங்கள். 4-க்கு 'முறை' கேட்டால் 5 வர வேண்டும், 5-க்குக் கேட்டால் 4. 5-இன் முன்னோர் 3-உம் 1-உம். இவை சரியாக வந்தபிறகே உண்மைத் தரவை ஏற்றுங்கள்.

பாதியில் விட்ட கேள்விகள்

விடைகளை ஒவ்வொன்றாக வாங்கும் கேள்வி முடியும் வரை திறந்தே இருக்கும். ப்ரோலாக் கேள்விகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருக்க வேண்டும். உள்ளே திறந்ததை மூடிவிட்டுத்தான் வெளியே உள்ளதைத் தொடலாம். இரண்டு கேள்விகளைத் திறந்து மாறி மாறி விடை எடுத்தால் 'உள் கேள்வி அல்ல' என்ற பிழை வரும். சுற்றிலிருந்து பாதியில் வெளியேறினாலும் இந்த நிலை வரலாம். விடைகள் சில நூறுதான் என்றால் எல்லாவற்றையும் உடனே பட்டியலாக்கிவிடுங்கள். அதிகமென்றால் பைத்தானின் 'வித்' தொடருக்குள் கேள்வியைத் திறங்கள். வெளியேறும்போது தானாக மூடிக்கொள்ளும்.

ப்ரோலாக்கிலிருந்து பைத்தானை அழைக்கவும் 'பை கால்' உண்டு. பெயர் நெருக்கத்தை விதிக்குள்ளேயே அதன் மூலம் கணக்கிடத் தோன்றும். வேண்டாம். ப்ரோலாக் வழி தவறினால் பின்வாங்கி மறுபடி வரும். அத்தனை முறையும் பைத்தான் ஓடும். அதற்குள் பைத்தான் கோப்பில் எழுதியதோ எண்ணிக்கையைக் கூட்டியதோ பின்வாங்கும்போது அழியாது. முன்பே கணக்கிட்டு, 'ஒரே ஆளாகலாம்' என்ற இரண்டு எண் கொண்ட தரவாக ஏற்றுவதே சரி.

குடும்பத்தார் பலர் ஒரே நேரத்தில் பார்க்கும் வலைத்தளமாக இதை வைப்பதானால் ஜேனஸைவிட எம்க்யூஐ என்ற இன்னோர் இணைப்பு முறை பொருந்தும். அதில் ப்ரோலாக் தனி இயக்கமாக ஓடும், பைத்தான் அதனோடு ஜேசான் என்ற உரை வடிவில் பேசும். வேகம் குறைவு. ஆனால் ப்ரோலாக் விழுந்தால் வலைத்தளமும் சேர்ந்து விழாது. உலாவிக்குள்ளேயே ஓட வேண்டுமென்றால் டாவ் ப்ரோலாக் என்ற வடிவம் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது.

'இல்லை' என்ற விடையைப் படிக்கும் விதம்

ப்ரோலாக்குக்குத் தெரியாத எதுவும் ப்ரோலாக்குக்கு இல்லாததுதான். இவருக்கு உடன்பிறப்பு யார் என்று கேட்டு விடை வராவிட்டால், 'பதிவில் காணவில்லை' என்றே அதைப் படிக்க வேண்டும். தந்தை பெயர் எழுதப்படாத பதிவுகளில் இது எப்போதும் நடக்கும். திரையில் 'உறவு இல்லை' என்று எழுதிக் காட்டாதீர்கள். ஒரு பாட்டிக்கு நூறு வருடமாகத் தேடிய அண்ணன் இல்லை என்று சொல்லும் உரிமை ஒரு நிரலுக்குக் கிடையாது. தந்தை எண் இல்லாதவர்களைத் 'தந்தை_தெரியாது' என்ற தனித் தரவாக ஏற்றி, விடை வெறுமையாக வரும்போது அதையும் சரிபார்த்து, 'இவரது தந்தை விவரம் கிடைத்தால் மேலே தேடலாம்' என்று காட்டுங்கள். அடுத்து எந்தப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும் என்பது பார்ப்பவருக்கு அங்கிருந்தே தெரியும்.